கையெழுத்து யாரிடம் இருக்கிறது? – தலித் ஊராட்சித் தலைவர்களும் தலைமைப் பண்புப் பயிற்சிகளும்

சேலம் சூரமங்கலத்தில், ரயில் சந்திப்பிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள ஒரு மண்டபத்தில், ஊராட்சி மன்றத் தலைவர்களாக இருந்து 2025 சனவரியில் பதவிக்காலம் முடிந்த பட்டியலினத்தவர் சிலர் கூடியிருந்தனர். சேலம், நாமக்கல் மாவட்டங்களின் ஊர்களிலிருந்து பேருந்து பிடித்து வந்தவர்கள். பாதிக்கு மேல் பெண்கள். ‘தலைமைப் பண்பும் குழு மேலாண்மையும்’ என்பது பயிலரங்கின் தலைப்பு. பிற்பகலில் சட்ட அமர்வை நடத்தும் பொறுப்பு எங்களுடையது. முற்பகலில் பேசியவர் தனியார் நிறுவனங்களில் மேலாளர்களுக்குப் பயிற்சி அளித்துப் பழகியவர். குழுவை எப்படி அரவணைத்துச் செல்வது, வேலையை எப்படிப் பகிர்ந்து கொடுப்பது, பலர் முன்னிலையில் பாராட்டி, தனிமையில் குறை சொல்வது ஏன் நல்லது என்றெல்லாம் தெளிவாகவே எடுத்துரைத்தார். அவர் கூறியவற்றில் தவறென்று எதுவும் இல்லை.

கேள்வி நேரத்தில், நாமக்கல் பக்கத்து ஊராட்சி ஒன்றின் தலைவராக இருந்த பெண்மணி எழுந்தார். “நீங்க சொன்னதெல்லாம் சரிதாங்க ஐயா. அஞ்சு வருசத்துல எங்க துணைத் தலைவர் ஒரு தரங்கூட ஆபீசுக்கு வந்து காசோலையில கையெழுத்துப் போட்டதில்லைங்க. நான்தான் அவரு வீட்டு வாசல்ல நின்னு வாங்கிட்டு வரணும். உள்ள கூப்பிட மாட்டாங்க. இதுக்கு நான் எந்தப் பண்பை வளர்த்துக்கணும்னு மட்டும் சொல்லுங்க.”

பயிற்சியாளர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, “இதைச் சட்ட அமர்வில் கேளுங்கள் அம்மா” என்றார். பிற்பகலில் அதே கேள்வி எங்களிடம் வந்தது. சட்டம் படித்தவர்களான எங்களிடமும் ஒரே வரியில் சொல்லிவிடக்கூடிய விடை இருக்கவில்லை. அந்தக் கேள்விக்கு அன்று சொல்ல முடிந்ததையும், சொல்ல முடியாமல் போனதையும் சேர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

தலைமை என்பது ஒரு தனிமனிதரின் ஆளுமைக்குள் இருக்கும் திறமை என்று பயிற்சி உலகம் கருதுகிறது. திறமை தேவையில்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால், அதிகாரத்தின் கருவிகளை வேறொருவர் கையில் வைத்துவிட்டு, கருவி இல்லாதவருக்குத் திறமையைப் போதிப்பது பயிற்சியாகாது. நிர்வாகம் தடுமாறும்போது பழியை அவர்மீதே சுமத்துவதற்கான முன்னேற்பாடாகவே அது முடிகிறது. ‘தலைவருக்கு நிர்வாகம் தெரியவில்லை’ என்ற சொற்றொடரைத் தமிழ்நாட்டின் தனி ஊராட்சிகளில் நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அந்தச் சொற்றொடருக்குப் பின்னால் எதுவெல்லாம் மறைக்கப்படுகிறது என்பதே நமது கேள்வி.

ஒரே பதவி, இரண்டு எடைகள்

முதலில் சேலத்துக்கு அருகிலேயே நடந்த ஒன்றை நினைவுகூர்வோம். 2023 சனவரியில் சேலத்தை அடுத்த திருமலைகிரியில், பெரிய மாரியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார் என்பதற்காகப் பட்டியலின இளைஞர் ஒருவர் ஊர்மக்கள் முன்னிலையில் நிறுத்தப்பட்டு, இழிசொற்களால் வசைபாடப்பட்டார். வசைபாடியவர் அவ்வூராட்சியின் தலைவர். ஆளுங்கட்சியின் ஒன்றியச் செயலாளராகவும் இருந்தவர். காணொளி பரவியது. கட்சி அவரை இடைநீக்கம் செய்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாகி அவர் கைது செய்யப்பட்டார்.

இந்த நிகழ்வை வன்கொடுமையாக நாம் பலமுறை பேசியிருக்கிறோம். தலைமை குறித்த நிகழ்வாக அதைப் பேசியதில்லை. ஊரைக் கூட்டி ஒருவரை நடுவில் நிறுத்தும் அதிகாரத்தை அந்தத் தலைவருக்கு எந்தச் சட்டப்பிரிவும் கொடுக்கவில்லை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 அவருக்குக் கொடுத்த அதிகாரங்கள்தாம் நாமக்கல் பெண்மணிக்கும் கொடுக்கப்பட்டன. ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் ஒருவர் சட்டத்தில் இல்லாத அதிகாரத்தையும் செலுத்துகிறார்; இன்னொருவர் சட்டத்தில் இருக்கும் அதிகாரத்துக்காக அடுத்தவர் வீட்டு வாசலில் நிற்கிறார். இந்த வேறுபாட்டைத் தலைமைப் பண்பு என்ற அளவுகோலால் அளக்க முடியுமா?

சூரமங்கலத்தில் அமர்ந்து பேசியதால் ஓர் ஒப்பீடும் மனதில் எழுந்தது. சேலம் சந்திப்பில் நிலைய அதிகாரி அனுமதி தரும்வரை வண்டி நகர்வதில்லை. அனுமதி தருபவர் நன்றாகப் பேசுகிறாரா, அரவணைத்துச் செல்கிறாரா என்று ஓட்டுநர் பார்ப்பதில்லை. விதி அந்தப் பதவியைத் தாங்கி நிற்கிறது. ரயில்வேயிலும் சாதி இருக்கிறது என்பதை அங்கு பணியாற்றும் நம் தோழர்கள் நன்கறிவர். எனினும் சமிக்ஞைக்குக் கீழ்ப்படிவது யாருடைய விருப்பத்துக்கும் விடப்படவில்லை. தனி ஊராட்சித் தலைவரின் ஆணைக்குக் கீழ்ப்படிவதோ இன்றுவரை ஊரின் விருப்பமாகவே இருக்கிறது.

சட்டம் வைத்த பூட்டு

அரசமைப்புச் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்வழி சேர்க்கப்பட்ட 243-டி உறுப்பு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உறுப்பினர் இடங்களில் மட்டுமல்லாது தலைவர் பதவிகளிலும் ஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டு, 1996-இல் முதல் தேர்தல் நடந்தது. 2016-இல் பெண்களுக்கான ஒதுக்கீடு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதியாக உயர்த்தப்பட்டது. சேரியிலிருந்து ஒரு கூலித் தொழிலாளிப் பெண் ஊராட்சி அலுவலகத்தின் தலைவர் நாற்காலிக்கு வருவதற்கான வழியை இவைதாம் திறந்தன. இது சிறிய மாற்றமன்று.

ஆனால் அதே சட்டத்தின் 188-ஆம் பிரிவு, ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கும் காசோலைகளில் தலைவரும் துணைத் தலைவரும் கூட்டாகக் கையெழுத்திட வேண்டும் என்கிறது. தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். துணைத் தலைவரை மன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கின்றனர். தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவர் பதவிக்கு இல்லை. பட்டியலினத்தவர் சிறுபான்மையாக உள்ள ஊராட்சியில் மன்றத்தின் பெரும்பான்மை உறுப்பினர்கள் ஆதிக்கச் சாதியினராக இருப்பது இயல்பு. தனி ஊராட்சி என்று அறிவிப்பு வந்தவுடனேயே, துணைத் தலைவர் யார் என்பதை ஊர்க்கூட்டம் முடிவு செய்துவிடுகிறது. முன்பு தலைவர் பதவிக்கு நடந்த போட்டி, இப்போது துணைத் தலைவர் பதவிக்கு நடக்கிறது. ஒதுக்கீட்டின் முன்வாசலைத் திறந்துவைத்த சட்டம், பின்வாசலின் சாவியை ஊரிடமே விட்டுவைத்தது.

நிதிமுறைகேட்டைத் தடுப்பதற்காகவே இரட்டைக் கையெழுத்து என்பார்கள். பொதுப்பணத்துக்கு இருவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. அந்த இரண்டாவது கையெழுத்து யாருடையதாக இருக்க வேண்டும் என்பதில்தான் மாறுபடுகிறோம். அண்டை மாநிலமான கர்நாடகத்தில் கிராம ஊராட்சித் தலைவரோடு கையெழுத்திடுபவர் ஊராட்சி வளர்ச்சி அலுவலர். அவர் அரசு ஊழியர். காரணமின்றி மறுத்தால் துறை நடவடிக்கைக்கு உள்ளாகக் கூடியவர். தமிழ்நாட்டில் கையெழுத்திட மறுக்கும் துணைத் தலைவர் எந்தக் காரணத்தையும் எழுதித் தரவேண்டியதில்லை. ‘பார்ப்போம்’ என்ற ஒற்றைச் சொல் போதும். தூய்மைப் பணியாளருக்கு ஊதியம் நிற்கும்; குடிநீர் மோட்டார் பழுதாகிக் கிடக்கும்; தெருவிளக்கு எரியாது. மூன்றாம் மாதம் ஊர் கேட்கும்: ‘இந்தத் தலைவர் வந்து என்ன செய்தார்?’

தலைவரோ துணைத் தலைவரோ இல்லாதபோது, மன்றம் தீர்மானித்து அதிகாரமளிக்கும் வேறோர் உறுப்பினர் கையெழுத்திடலாம் என்று சட்டம் சொல்கிறது. ‘இல்லாதபோது’ என்று சொல்கிறதே தவிர, ‘மறுக்கும்போது’ என்று சொல்லவில்லை. இந்த ஒரு சொல்லின் இடைவெளியில்தான் பல தலைவர்களின் ஐந்தாண்டுகள் கரைந்துபோயின.

மறுப்பு நீடித்து, நிர்வாகம் முடங்கி, மாவட்ட ஆட்சியர் வரை செய்தி சென்றால் என்ன நடக்கிறது? 203-ஆம் பிரிவின் நெருக்கடிக்கால அதிகாரத்தின்கீழ், பணம் வழங்கும் பொறுப்பு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் ஒப்படைக்கப்படுவதுண்டு. பணம் நகர்கிறது, தலைவரின் அதிகாரம் போய்விடுகிறது. தடுத்தவர் தடுத்ததை அடைந்துவிடுகிறார். உறுப்பினர்கள் சேர்ந்து மனு அளித்தால், 205-ஆம் பிரிவின்கீழ் தலைவரைப் பதவிநீக்கும் நடவடிக்கையையும் ஆட்சியர் தொடங்கலாம். அப்போது விளக்கம் கேட்டு அறிவிப்பு தலைவருக்குத்தான் வருகிறது. ‘ஏன் தீர்மானங்கள் நிறைவேறவில்லை?’ என்று அவர் பதில் சொல்ல வேண்டும். ஏன் நிறைவேற்ற விடவில்லை என்ற கேள்வி மற்றவர்களிடம் கேட்கப்படுவதில்லை.

மேலவளவிலிருந்து தெற்குத் திட்டை வரை

இந்த நிலைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. மதுரை மாவட்டம் மேலவளவு 1996-இல் தனி ஊராட்சியாக அறிவிக்கப்பட்டபோது, தேர்தலையே நடத்தவிடாமல் தடுக்கப் பார்த்தார்கள். பின்னர்த் தேர்தல் நடந்து தலைவரான முருகேசன், 1997 சூன் 30 அன்று மதுரையில் ஆட்சியர் அலுவலகத்துக்குச் சென்று பேருந்தில் திரும்பும் வழியில் உடன்வந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். அவரது நிர்வாகத் திறமையை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அவர் அந்த நாற்காலியில் அமர்வதே குற்றமாக இருந்தது.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் தலைவர் என்று ஒருவர் நிலைத்திருக்க முடியவில்லை. வேட்புமனு தாக்கல் செய்ய ஆளில்லாதபடி செய்தார்கள். அல்லது வென்றவரை உடனே பதவி விலகச் செய்தார்கள். 2006 அக்டோபரில் அங்கு தேர்தல் முறையாக நடந்தது. பத்தாண்டுகளாக முடியாதது அப்போது மட்டும் எப்படி முடிந்தது? வேட்பாளர்களுக்குத் திடீரென்று தலைமைப் பண்பு வந்துவிடவில்லை. தலித் இயக்கங்களும் இடதுசாரி இயக்கங்களும் தொடர்ந்து போராடின. அரசு உறுதி காட்டியது. மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகச் சென்று பேசி, தேர்தலை நடத்திக் காட்டியது. தலைமை தேவைப்பட்ட இடம் ஆட்சியர் அலுவலகமும் தலைமைச் செயலகமும்தான். அங்கே அது வெளிப்பட்டதும் ஊரிலும் தலைமை சாத்தியமாயிற்று.

அதன்பின் தடையின் வடிவம் மாறியது. அரிவாள் பின்னுக்குப் போய், நாற்காலி முன்னுக்கு வந்தது. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியின் தலைவர் இராசேசுவரி மன்றக் கூட்டத்தில் தரையில் அமர்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்திருந்த படம் வெளியாகி நாடே பார்த்தது. அதே ஆண்டு ஆகத்து 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம் ஊராட்சியின் தலைவர் அமிர்தம் தேசியக்கொடி ஏற்றுவதிலிருந்து தடுக்கப்பட்டார். எதிர்ப்பு எழுந்த பிறகு ஆகத்து 20 அன்று மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் கொடியேற்றினார். 2022 ஆகத்தில், பட்டியலினத் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதிசெய்யுமாறு அன்றைய தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. விடுதலை பெற்று எழுபத்தைந்து ஆண்டுகள் நிறைந்த நாளில், மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் கொடிக்கயிற்றைத் தொடுவதற்கு மாநிலத்தின் மிக உயர்ந்த அதிகாரியின் கடிதம் தேவைப்பட்டது!

நாற்காலியும் கொடியும் படத்தில் தெரிகின்றன. அதனால் அவை செய்தியாகின்றன; நடவடிக்கையும் வருகிறது. காசோலையில் இல்லாத கையெழுத்தை யாரும் படமெடுக்க முடியாது. கொடுக்கப்படாத சாவி, காட்டப்படாத வரவு-செலவுப் பதிவேடு, தலைவருக்குத் தெரிவிக்கப்படாத ஒன்றியக் கூட்டம் ஆகியவையும் படத்தில் விழுவதில்லை. அவற்றின்மீது நடவடிக்கை வருவதுமில்லை.

திறமை எங்கே பயன்படுகிறது

அப்படியானால் தனிமனிதரின் திறமைக்கு இடமே இல்லையா? இருக்கிறது. குத்தம்பாக்கம் அதற்குச் சான்று. திருவள்ளூர் மாவட்டத்தின் அவ்வூரில் பிறந்த இளங்கோ, வேதிப்பொறியியல் படித்து அறிவியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியவர், தலித். வேலையைத் துறந்து ஊருக்குத் திரும்பி, 1996-இல் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உள்ளூர்ப் பொருள்களையும் உள்ளூர் உழைப்பையும் கொண்டு செலவைக் குறைத்துப் பணிகளைச் செய்தார். தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகளைக் கொண்ட சமத்துவபுரம் அவ்வூரில் எழுந்தது. இதே காலத்தில், நடைமுறை விதிகளை மீறினார் என்று அவர் தற்காலிகப் பதவிநீக்கமும் செய்யப்பட்டார். அவரை மீட்டது கிராம சபை. மக்கள் திரண்டு அவருக்காகப் பேசினர். அவர் பதவிக்குத் திரும்பினார். 2001-இல் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இந்த வரலாற்றை ‘படித்த, திறமையான ஒரு தலைவரின் வெற்றிக்கதை’ என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. அவரது படிப்பும் முந்தைய பணியும் அலுவலர்களிடம் அவருக்கு ஒரு மதிப்பைப் பெற்றுத் தந்திருக்கும். வேளாண் கூலியாக இருந்து தலைவராகும் ஒரு பெண்ணுக்கு அந்த மதிப்பு முன்கூட்டியே கிடைப்பதில்லை. ஊராட்சித் தலைவரின் மாத மதிப்பூதியம் 2,000 ரூபாய். அலுவலகத்துக்கு வரும் ஒவ்வொரு நாளும் அவர் ஒருநாள் கூலியை இழக்கிறார் என்பதைப் பயிற்சி வகுப்புகள் கணக்கில் எடுப்பதில்லை.

இருந்தும் குத்தம்பாக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு பாடம் உண்டு. மன்றத்தில் பெரும்பான்மை இல்லாத தலைவருக்குக் கிராம சபையே துணை. ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடத்தப்பட வேண்டும். துணைத் தலைவர் மறுத்ததைத் தனியாகச் சுமந்துகொண்டு வாசலில் நிற்பதைவிட, ‘இன்ன பணிக்கான இத்தனை ரூபாய் இன்ன தேதியிலிருந்து கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது’ என்று கிராம சபையில் வாசிப்பது வலிமையானது. மோட்டார் பழுதானால் ஊர்த்தெருவுக்கும் தண்ணீர் வராது. தலைவருக்கு நிர்வாகம் தெரியவில்லை என்று முணுமுணுக்கும் ஊருக்கு, நிர்வாகம் எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்பதும் தெரியட்டும்.

எழுத்தே கேடயம்

அன்றைய சட்ட அமர்வில் நாங்கள் சொன்னது இதைத்தான். வாயால் கேட்டதை எழுத்தால் கேளுங்கள். கையெழுத்துக் கோரித் துணைத் தலைவருக்குக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். ஒப்பமிட மறுத்தால் பதிவஞ்சலில் அனுப்புங்கள். மறுப்பைத் தீர்மானப் புத்தகத்தில் பதியுங்கள். படியை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஆட்சியருக்கும் அனுப்புங்கள். நாளை 205-ஆம் பிரிவில் உங்களிடம் விளக்கம் கேட்கும்போது, அந்தக் கடிதங்களே உங்களுக்காகப் பேசும். தீர்மானம் வாசித்துக் காட்டப்படாமல் கையெழுத்திடாதீர்கள். வெற்றுக் காசோலையில் ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள். தணிக்கைத் தடை வரும்போது பொறுப்பு உங்கள் பெயரில் இருக்கும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் 2016 சனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி சேர்க்கப்பட்ட 3(1)(எம்) பிரிவு, ஊராட்சியில் பதவி வகிக்கும் பட்டியலினத்தவரை அவரது இயல்பான கடமைகளைச் செய்யவிடாமல் வற்புறுத்துவது, மிரட்டுவது, தடுப்பது ஆகியவற்றைக் குற்றமாக்குகிறது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை. தொடர்ந்த, காரணமற்ற கையெழுத்து மறுப்பு இந்தப் பிரிவின்கீழ் வரும் தடையே என்று நாம் வாதிடுகிறோம். ஆனால் புகாரோடு செல்பவரிடம் காவல் நிலையங்கள் பெரும்பாலும் சொல்வது, ‘இது நிர்வாகப் பிரச்சினை, ஒன்றிய அலுவலகத்துக்குப் போங்கள்’ என்பதே. ஒன்றிய அலுவலகத்தில் சொல்வது, ‘இது உங்கள் ஊர்ப் பிரச்சினை, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்பது. ஊரில் பேசித் தீர்க்க முடியாததால்தான் அவர் புறப்பட்டார் என்பது இருவருக்கும் தெரியும்.

எழுதிய கடிதங்களின் வரிசை இருந்தால் இந்தத் தட்டிக்கழிப்பை நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாக்க முடியும். கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவில் தண்டனை உண்டு என்பதையும் நினைவூட்ட முடியும். இதை முன்பே அறிந்திருந்தால் ஐந்தாண்டுகளை வேறுவிதமாகக் கழித்திருப்பேன் என்றார் அந்தப் பெண்மணி. அந்தச் சொல் எங்களையும் சுட்டது. தேர்தல் முடிந்த முதல் மாதத்தில் செய்ய வேண்டிய பயிற்சியைப் பதவிக்காலம் முடிந்த பிறகு செய்துகொண்டிருந்தோம்.

நம் அமைப்புகளுக்குள்

பிறரைச் சொல்லும்போது நம்மையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்வின் இறுதியாண்டான 1956-இல், அரசியலில் ஈடுபடுவோருக்கென ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். தலைமை பிறப்பிலோ உணர்ச்சிப் பேச்சிலோ வருவதில்லை. அதைக் கற்றுக்கொடுக்க நிறுவனம் வேண்டும் என்பது அவரது கருத்து. தனிமனித வழிபாட்டின் ஆபத்தையும் அவர் எச்சரித்தவர். நம் இயக்கங்கள் அவரது படத்தை எடுத்துக்கொண்ட அளவுக்கு அந்தப் பள்ளியை எடுத்துக்கொள்ளவில்லை.

தலித் பெண் தலைவரின் இடத்தில் அவர் கணவர் அமர்ந்து பேசும்போது நாம் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. சூரமங்கலம் பயிலரங்கிலேயே இரண்டு கணவர்கள் மனைவியருக்காகப் பதில் சொல்ல எழுந்தனர். அமரச் சொல்ல வேண்டியிருந்தது. சேலம்-நாமக்கல் சமவெளியில் ஆதிதிராவிடரும் அருந்ததியரும் வாழ்கின்றனர். 2009-ஆம் ஆண்டின் அருந்ததியர் உள் ஒதுக்கீட்டுச் சட்டம் கல்விக்கும் வேலைவாய்ப்புக்கும் உரியது. உள்ளாட்சிப் பதவிகளுக்கு அது பொருந்தாது. ஆகவே தனி ஊராட்சியில் அருந்ததியர் ஒருவர் தலைவராவது நம் அமைப்புகளின் சனநாயக உணர்வைப் பொறுத்தே இருக்கிறது. மேடையில் யார் அமர்கிறார், யார் விரிப்பை மடிக்கிறார் என்ற கேள்வியை ஊரிடம் கேட்கும் நாம், நம் கூட்டங்களிலும் கேட்க வேண்டும்.

இந்த இடைவெளியில் செய்ய வேண்டியவை

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 சனவரி 5 அன்று முடிந்தது. சேலம், நாமக்கல் உள்ளிட்ட மாவட்டங்களின் ஊராட்சிகள் அன்றுமுதல் தனி அலுவலர்களின் பொறுப்பில் விடப்பட்டன. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லாமல் ஊராட்சிகள் நடப்பதை நாம் ஏற்கவில்லை. ஆயினும் இந்த இடைவெளியில், அடுத்த தேர்தலுக்கு முன், அரசு செய்யக்கூடியவை சில உள்ளன.

முதலாவதாக, 188-ஆம் பிரிவைத் திருத்த வேண்டும். இரண்டாவது கையெழுத்து அரசு ஊழியருடையதாக இருக்கட்டும். துணைத் தலைவருடையதாகவே நீடித்தால், குறித்த நாள்களுக்குள் எழுத்தில் காரணம் கூறாத மறுப்பு ஒப்புதலாகக் கருதப்படும் என்ற விதி சேர்க்கப்பட வேண்டும்.

இரண்டாவதாக, பட்டியலினத் தலைவர்மீது 203 அல்லது 205-ஆம் பிரிவின்கீழ் நடவடிக்கை தொடங்கும் முன்னர், அவர் கடமையாற்றத் தடுக்கப்பட்டாரா என்பதை விசாரித்துப் பதிவு செய்வது ஆட்சியரின் கட்டாயக் கடமையாக வேண்டும்.

மூன்றாவதாக, அலுவலகச் சாவி, பதிவேடுகள், கூட்ட அறிவிப்புகள் ஆகியவற்றைத் தலைவரிடம் ஒப்படைத்ததற்கான எழுத்துப்பூர்வ ஒப்புதலை, பதவியேற்ற முதல் வாரத்திலேயே ஊராட்சிச் செயலாளர் ஒன்றிய அலுவலகத்துக்கு அளிக்க வேண்டும்.

நான்காவதாக, மதிப்பூதியம் ஒரு கூலித் தொழிலாளி தம் வேலையை விட்டுவிட்டு மக்கள்பணி செய்யப் போதுமானதாக உயர்த்தப்பட வேண்டும்.

ஐந்தாவதாக, தலைமைப் பயிற்சியைத் தலித் தலைவர்களோடு நிறுத்திவிடக் கூடாது. துணைத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் செயலாளர்களுக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர்களுக்கும் முதலில் அளிக்க வேண்டும். குழுவாக இயங்குவது எப்படி என்பதைக் கற்க வேண்டியவர்கள், ஒரு தலித் பெண்ணின் தலைமையில் குழுவாக இயங்க மறுப்பவர்களே.

பயிலரங்கு முடிந்து, மாலைப் பேருந்துக்காகப் புறப்படும் முன் அந்தப் பெண்மணி எங்களிடம் 188-ஆம் பிரிவின் தமிழ்ப் படியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த தேர்தலில் தம் ஊராட்சி பொதுவாக மாறினாலும் போட்டியிடப் போவதாகச் சொன்னார். வெற்றி கிடைக்குமா என்று அவருக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. ஐந்தாண்டுகள் வாசலில் நிறுத்தப்பட்ட பிறகும் மீண்டும் நிற்கத் துணிபவரிடம் தலைமைப் பண்பு இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. அவரிடம் இல்லாதது கையெழுத்து மட்டுமே. அதைச் சட்டத்தால் கொடுக்க முடியும். கொடுக்க வேண்டியது சட்டமன்றத்தின் கடமை.